ஆறரை நாழிகை

தை 18, சனி

இந்தப் புத்தகம் எல்டன் பாதிரியார் தந்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்ப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதச் சொன்னார். முதலில் நீர் யார் என்று எழுதும், பிற்பாடு மறந்துபோகும் என்று சிரித்தார்.

நான் அம்பலவாணர். வயது இருபத்தொன்று. தாய் தகப்பன் இல்லை. தையலக்காதான் வளர்த்தாள். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது அங்கேயே சிறிய வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். படுக்கையும் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒன்றரை மைல் நடந்து கூவிலடிக்கு அக்கா வீட்டுக்குப் போவேன்.

காலையில் புத்தக அலுமாரியில் கறையான். எல்லாவற்றையும் இறக்கி வெயிலில் காயவைத்தேன்.

பொழுது பட்டதும் பாதிரியார் மேல்விறாந்தைக்குக் கூப்பிட்டார். மேற்கே சுக்கிரன். கண்ணாடியில் பெரிய ஒளிப்புள்ளி ஒன்றை எதிர்பார்த்துக் கண்ணை வைத்தேன். ஒரு பக்கம் மழுங்கிய முட்டை ஒன்று நின்றது, தசமிச் சந்திரனைப் போல.

"சுக்கிரனுக்கும் தேய்பிறை உண்டா ஐயா?"

"உண்டு. நாள்தோறும் பாரும். அதுவே உமக்கு ஒரு காரியம் சொல்லும்."

இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். இனிச் சுருக்கமாக எழுத வேண்டும்.

தை 19, ஞாயிறு

அக்கா புருஷனைத்தான் ஊரில் கூவிலடிக் கணிதர் என்பார்கள். பதினான்கு கோயில்களுக்கு அவர் கணித்த பஞ்சாங்கம் போகிறது. பெயர் சரவணமுத்தர். எனக்கு அத்தான். நான் போனபோது வரும் வருஷத்துக்கான ஓலைகளை எழுதிக்கொண்டிருந்தார்.

சுக்கிரனைப் பற்றிச் சொன்னேன். எழுத்தாணியை வைத்துவிட்டுக் கேட்டார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது என்று பாதிரியார் சொல்வதையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"தன்னைத்தானே சுத்துறதெண்டு எங்கடை ஆக்களிலையும் ஒருத்தர் சொன்னவர், தம்பி. வள்ளத்திலை போறவனுக்குக் கரைமரம் பின்னாலை போறமாதிரித் தெரியுதாம், அதுமாதிரி எண்டு. அவருக்குப் பேந்து வந்தவை அதை ஒப்புக்கொள்ளேல்லை. நானும் சின்னனிலை அதைப் படிச்சிட்டு விட்டிட்டன். கணக்குக்கு ரெண்டும் ஒண்டுதானே."

அக்கா, "கதையை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ ரெண்டுபேரும்" என்றாள். ஒடியற் கூழ். நண்டு போட்டிருந்தாள்.

மாசி 6, செவ்வாய்

சென்னையிலிருந்து பெட்டிகள் வந்தன. நானும் நத்தானியேலும் பிரித்தோம். நத்தானியேல் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவன், என்னோடு படித்தவன். பெட்டிகளில் காகிதம், மருந்து, அச்சு மை, பதினேழு புத்தகங்கள். நீலத் துணி அட்டை போட்ட பெரிய புத்தகம் ஒன்றில் முழுக்க எண்கள். இந்த வருஷத்துச் சூரிய சந்திர கிரகங்களின் நிலை நாள்வாரியாக இருக்கிறது. பாதிரியார் அதை மட்டும் தம் அறைக்கு எடுத்துப் போனார்.

மருந்துப் போத்தல் ஒன்று உடைந்திருந்தது. விறாந்தை முழுவதும் கர்ப்பூர வாசம்.

மாசி 25, ஞாயிறு

சுக்கிரன் சரிபாதி. நேற்றுக் கொஞ்சம் கூட, இன்று நேராக அறுத்த மாதிரி.

அக்காவுக்கு மூன்று மாசம். அத்தான்தான் சொன்னார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. கலியாணமாகி எட்டு வருஷம். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை. வெட்கம்.

பிறகு அத்தான் என்னை வேலிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"வைகாசி அமாவாசைக்குச் சூரிய கிரகணம் இருக்கு. பழைய வாக்கியக் கணக்குப்படி பாத்தால் உதிச்சு எட்டு நாழிகைக்குப் பிடிக்கும். ஆனா போன முறை எனக்கு முக்கால் நாழிகை பிந்திப்போச்சு. வாக்கியம் பழசாப்போச்சு, தம்பி. எவ்வளவு கழிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. உங்கடை பாதிரியாரிட்டைக் கேட்டுச் சொல்லும். அவையின்ரை புத்தகத்திலை எத்தனை மணிக்கு எண்டு."

"கேக்கிறன் அத்தான்."

"இரகசியமில்லை. நான் கேட்டனான் எண்டே சொல்லும்."

மாசி 26, திங்கள்

பாதிரியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷத்துப் புத்தகம் இன்னும் கப்பலில் வந்து சேரவில்லை என்று அவருக்குச் சொல்லும்" என்றார்.

நான் நீலப் புத்தகத்தைப் பார்த்தது ஒரு நிமிஷம்தான். அது வேறு வருஷத்தினதாக இருக்கும். அப்படித்தான் இருக்கும்.

மாசி 27, செவ்வாய்

தலையிடி. சுக்கிரனைப் பார்க்கவில்லை.

பங்குனி 2, ஞாயிறு

அத்தானிடம் சொன்னேன், புத்தகம் வரவில்லை என்று.

"அப்ப வாக்கியத்தின்படியே போடுறன். அனுமானத்தை வைச்சுக் கணக்கிலை கைவைக்கக்கூடாது. பிழையெண்டால் பிழைச்சிட்டுது எண்டு சொல்லலாம். இட்டுக்கட்டினதெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது" என்றார். பாதிரியாருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு குலை வாழைப்பழமும் தந்துவிட்டார். கேட்டதற்கு மறுமொழி சொல்லியனுப்பியதற்காக.

பங்குனி 11, செவ்வாய்

இன்று பாதிரியார் பெரிய வகுப்புக்கு நடத்திய பாடத்தைக் கதவடியில் நின்று கேட்டேன். ஐரோப்பாவிலும் ஆயிரத்து நானூறு வருஷம் பூமியே நடுவில் என்றுதான் நம்பினார்களாம். கிரகங்கள் சில காலம் பின்னோக்கிப் போவதைக் கணக்கில் கொண்டுவர வட்டத்துக்குள் வட்டம், அதற்குள்ளும் வட்டம் என்று போட்டுக்கொண்டே போனார்களாம். வடக்கே குளிர்தேசத்துக் கோயில் ஒன்றில் உத்தியோகம் பார்த்த ஒருவர், சூரியனை நடுவில் வைத்தால் கிரகங்கள் பின்னோக்கிப் போவது ஏனென்று தானே விளங்கிவிடுகிறது என்று கண்டார். நாமும் ஓடிக்கொண்டு அவற்றைப் பார்ப்பதால் வரும் தோற்றம் அது. பயத்தில் முப்பது வருஷம் வெளியிடவில்லை. கடைசியில் அச்சேறிய புத்தகம் அவர் சாகக்கிடந்த கட்டிலுக்கு வந்ததாம். அதன் முன்பக்கத்தில், இதெல்லாம் கணக்குக்காகச் சொன்னது, மெய்யென்று கொள்ளவேண்டாம் என்று வேறொருவர் பெயர் போடாமல் எழுதிச் சேர்த்திருந்தாராம்.

சாகிற மனுஷனுக்கு இப்படிச் செய்வார்களா!

அதன்பின் இத்தாலி தேசத்தில் ஒருவர் கண்ணாடியில் சுக்கிரனின் பிறைகளைக் கண்டார். அவரைக் கிழவயதில் முழங்காலில் நிறுத்தி, பூமி அசையவில்லை என்று சொல்லவைத்தார்கள். இதைச் சொல்லும்போது பாதிரியாருக்குக் குரல் நடுங்கிற்று. "உண்மை தெரிந்தும் அதை மறைத்தவர்களைத் தேவன் விசாரிப்பார்" என்றார்.

சித்திரை 1, திங்கள்

வருஷப்பிறப்பு. கூவிலடிப் பிள்ளையார் கோயிலில் அத்தான் புதுப் பஞ்சாங்கம் வாசித்தார். மிஷன் பள்ளிக்காரன் என்பதால் வீதியில் நின்று கேட்டேன். வைகாசி பதின்மூன்று, செவ்வாய், சூரிய கிரகணம், உதயாதி எட்டு நாழிகைக்குப் பிடிக்கும்.

பின்னேரம் பாதிரியார் அதைப் பார்த்து எழுதிவரச் சொன்னார். ஒரு நாழிகைக்கு இருபத்துநான்கு நிமிஷமாகப் பெருக்கி, சூரியோதயத்தோடு கூட்டி, ஒன்பது மணி ஏழு நிமிஷம் என்று நானே இங்கிலீசில் எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத்தானே கேட்பார்.

சித்திரை 20, சனி

சுக்கிரன் இப்போது மெல்லிய பிறை. ஆனால் தையில் இருந்ததைவிட மூன்று மடங்கு பெரிது! என் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முட்டையாக இருந்தபோது சின்னதாக, தூரத்தில், சூரியனுக்கு அப்பால் இருந்தது. இப்போது பிறையாக, பெரிதாக, நமக்கும் சூரியனுக்கும் நடுவே வந்துகொண்டிருக்கிறது. அது சூரியனைத்தான் சுற்றுகிறது. யாரும் சொல்லாமல் நானே கண்டேன். எழுந்து விறாந்தையில் இரண்டு தரம் நடந்தேன்.

பாதிரியார் தோளில் தட்டினார். "ஆனி மாதத்திலிருந்து வானசாஸ்திர வகுப்பு உமக்கு" என்று சொல்லிக் கண்ணாடி அறைச் சாவியை என் கையிலேயே தந்துவிட்டார். தகப்பன் இருந்தால் இப்படித்தான் தந்திருப்பார் என்று பட்டது.

வைகாசி 2, வெள்ளி

அச்சுக்கூடத்துக்கு வினாத்தாள் கொண்டுபோனேன். நத்தானியேல் என்னைக் கண்டதும் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தான். பிறகு அவனே நிமிர்த்தினான்.

"நீ பாக்கத்தான் வேணும். உன்ரை அத்தான்ரை பேர் கிடக்கு."

எட்டுப் பக்கச் சிறுபுத்தகம். கூவிலடிக் கணிதர் சரவணமுத்தர் எட்டு நாழிகை என்கிறார், சரியான நேரம் ஆறரை நாழிகை, ஆகவே பஞ்சாங்கம் பொய், ஆகவே பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதியிருந்தது. கிரகணம் நடந்து முடிந்தது போலவே எழுதியிருந்தது.

"எப்ப கோத்தனி?"

"எட்டு நாழிகை எண்ட இடத்தை இப்பத்தான் நிரப்பினனான். மற்றதெல்லாம் மாசி இருபதிலை."

நான் கேட்டது மாசி இருபத்தாறு.

வைகாசி 3, சனி

பாதிரியார் மறுக்கவில்லை. "உட்காரும்" என்றார். நான் உட்காரவில்லை.

"உமது அத்தான் நல்லவர். அவர்மேல் எனக்கு யாதொரு பகையும் இல்லை. ஆனால் நான் நேரத்தைச் சொல்லி, அவர் அதைப் போட்டுவிட்டால் சனங்கள் என்ன சொல்வார்கள்? பஞ்சாங்கம் மெய், ராகு விழுங்குவதும் மெய் என்பார்கள். ஒரு மனுஷனுக்கு ஒரு நாள் வெட்கம். ஆயிரம் பேருக்குக் கண் திறக்கும்."

"அத்தான் ராகுவைப் பாம்பென்று ஒருநாளும் சொன்னதில்லை ஐயா. நிழல் என்றுதான் கணிக்கிறார்."

"அது எனக்குத் தெரியும்."

"நேரம் பிழைத்ததற்கும் பூமி சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? பூமி நின்றாலும் நிழல் இப்படித்தானே விழும்?"

"அதுவும் எனக்குத் தெரியும், அம்பலவாணர். சுக்கிரனின் பிறையைச் சந்தைக்கு வருகிறவனுக்கு விளங்கப்படுத்த முடியுமா? அவனுக்கு விளங்குவது ஒன்றுதான். இவர் சொன்ன நேரம் பிழை, அவர் சொன்ன நேரம் சரி."

"அவருக்கு நான் பொய் சொல்லிவிட்டேன்."

"நீர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னீர்." பிறகு மெதுவாக, "அவரிடம் சொல்லவேண்டாமென்று நான் கட்டளையிட மாட்டேன். உமது மனச்சாட்சிக்கு விடுகிறேன். ஆனி மாதத்து வகுப்பையும் யோசித்துக்கொள்ளும்" என்றார்.

வைகாசி 4, ஞாயிறு

மழை. கூவிலடிக்குப் போகவில்லை.

வைகாசி 6, செவ்வாய்

சுக்கிரன் சூரியனோடு போய்விட்டது, இனிச் சில நாள் தெரியாது. வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு. ஐந்து நாளில் எல்லோருக்கும் வந்துவிடும்.

அத்தானிடம் இப்போது சொன்னாலும் பதினான்கு கோயிலுக்கும் அவரால் ஆள் அனுப்பித் திருத்த முடியாது. சொன்னால் வீண் கலக்கம்தான்.

வைகாசி 8, வியாழன்

கிரகணத்தன்று பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்து ஒன்றாகப் பார்க்கும்படி அத்தானுக்குப் பாதிரியார் அழைப்பு எழுதி, என்னிடமே கொடுத்தனுப்பினார்.

அத்தான் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்தது. "எனக்கு இருக்கக் கதிரை போடுவினமாம்" என்று அக்காவிடம் சொன்னார். "உங்கடை மணிக்கூட்டோடை ஒப்பிட்டால் எனக்கு எத்தனை பிந்துதெண்டு சரியாத் தெரிஞ்சிடும். நல்ல மனுஷன்."

அக்காவுக்கு ஆறு மாசம். வயிறு தெரிகிறது. "நான் எத்தனைக்கு உள்ளை போகவேணும்?" என்று கேட்டாள்.

"ஏழு நாழிகை வரைக்கும் வேலை செய்யலாம். பேந்து கதவைச் சாத்திப்போட்டு இரு. கத்தி அரிவாள் தொடாதை."

நான், "கொஞ்சம் முந்தியே நீ உள்ளை போவன் அக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள். "உதெல்லாம் வெறும் நிழலெண்டு சொன்னனி. இப்ப உனக்கும் பயமோ?"

"இல்லை. சும்மா சொன்னனான்."

முருங்கைக்காய்க் குழம்பு. இரண்டாந்தரமும் போட்டாள்.

வைகாசி 11, ஞாயிறு

மழை இல்லை. போகவில்லை.

வைகாசி 13, செவ்வாய்

எழுதியே ஆகவேண்டும்.

ஏழு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. புகைபிடித்த கண்ணாடித் துண்டுகளை வகுப்பு வகுப்பாகக் கொடுத்தோம். ஊர்ச்சனங்கள் தாம்பாளத்தில் மஞ்சள்தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய மணிக்கூட்டை மேசைமேல் வைத்திருந்தோம். அத்தான் வெளுத்த வேட்டியும் சால்வையுமாக வந்தார். அயலவர் சுப்பர் கூட வந்தார். முன்வரிசையில் பாதிரியாருக்குப் பக்கத்தில் அத்தானுக்குக் கதிரை. நான்தான் கொண்டுவந்து வைத்தேன்.

எட்டு இருபத்தைந்துக்குப் பாதிரியார் எழுந்தார். "கூவிலடிக் கணிதர் எட்டு நாழிகை என்று எழுதியிருக்கிறார். எங்கள் கணக்கு ஆறரை நாழிகை. இன்னும் ஆறு நிமிஷம். சூரியனே தீர்ப்புச் சொல்லட்டும்."

ஆறரை என்றதும் அத்தான் பாதிரியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

பிறகு குனிந்து சுப்பர் காதில் ஏதோ சொன்னார். சுப்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கூவிலடிப் பக்கம் ஓடினார். எதற்கென்று எனக்குத் தெரியும். ஒன்றரை மைலை ஆறு நிமிஷத்தில் ஓட முடியாது என்பதும் தெரியும்.

எட்டு முப்பத்தொன்றுக்குச் சூரியனின் மேற்கு விளிம்பில் ஒரு சின்னக் கடி விழுந்தது. கூட்டம் ஓ என்று கத்தியது. மாணவர்கள் கை தட்டினார்கள். பாதிரியார் கையை உயர்த்தி அமர்த்தி, இதனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ருசுவாயிற்று என்றார்.

அத்தான் எழுந்து நின்றார். கோபம் இல்லை, உரக்கவும் பேசவில்லை.

"ஐயா, நேரம் உங்கடைதான் சரி. எனக்கு ஒன்றரை நாழிகை பிழைச்சிட்டுது. அதை எல்லாருக்கும் முன்னாலை ஒப்புக்கொள்ளுறன். ஆனா ஒண்டு கேக்கவேணும். சூரியன் சுத்தினாலும் பூமி சுத்தினாலும் சந்திரன் நடுவிலை வந்தால் மறைக்கும்தானே? இதிலை பூமி சுத்துறது எங்கை தெரியுது?"

பாதிரியார் புன்சிரிப்போடு என் பக்கம் திரும்பினார். "இதற்கு உமது மைத்துனரே பதில் சொல்லுவார். அம்பலவாணர், சொல்லும்."

நான் எழுந்தேன். அத்தான் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், நிஜமாகவே பதிலை எதிர்பார்த்து.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. நல்ல செந்தமிழில் சொன்னேன். சனங்கள் கை தட்டினார்கள்.

"சரி தம்பி" என்றார் அத்தான். உட்கார்ந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. மடியிலிருந்து ஓலை நறுக்கை எடுத்து, பிடித்த நேரம் குறித்தார். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மறைந்ததைக் குறித்தார். விட்ட நேரமும் குறித்தார். வாசலில் நத்தானியேல் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்த சிறுபுத்தகத்தில் ஒன்றைத் தாமும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

வைகாசி 14, புதன்

வகுப்பு முடிந்ததும் கூவிலடிக்குப் போனேன். அத்தான் இல்லை. அக்கா முற்றத்தில் கூட்டாமல் கிடந்த முருங்கைச் சருகைப் பார்த்துக்கொண்டு படியில் இருந்தாள்.

"பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தனான்" என்றாள். "திடீரெண்டு வெயில் ஒருமாதிரி வந்துது. கீழை பாத்தால் முருங்கை நிழலுக்குள்ளை விழுற வெளிச்சமெல்லாம் பிறை பிறையாக் கிடக்கு. நிலம் முழுக்கப் பிறை. என்னெண்டு தெரியாமல், வடிவாயிருக்கெண்டு பாத்துக்கொண்டு நிண்டன் தம்பி. கையிலை கத்தி. சுப்பர் வந்து கத்தினாப்பிறகுதான் எனக்கு விளங்கினது."

"அக்கா, ஒண்டும் வராது. அது நிழல்தான்."

"உனக்கு எப்ப தெரியும்?"

நான் விளக்குமாற்றை எடுத்துச் சருகைக் கூட்டத் தொடங்கினேன்.

"நேரம் ஆறரையெண்டு உனக்கு எப்ப தெரியும்?"

"பதினொரு நாள்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப அண்டைக்கு வந்து என்ரை கையாலை சாப்பிடேக்கை தெரியும்."

"ஓம்."

"அவருக்குச் சொல்லாட்டில் பறவாயில்லை. அது உங்கடை ஆம்பிளையளின்ரை போட்டி. எனக்கு அடுப்படிக்குள்ளை வந்து மெதுவாச் சொல்லியிருக்கலாமே, அக்கா, ஆறு நாழிகைக்கு உள்ளை போ எண்டு. உன்ரை படிப்பு உண்மையாவே இருக்கட்டும். பிள்ளைக்கு ஒண்டும் வராமலே இருக்கட்டும். ஆனா இன்னும் மூண்டு மாசம் நான் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருக்கவேணும். அது நீ தந்தது."

நிழலால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வைகாசி 20, செவ்வாய்

மூன்று கோயில்கள் பஞ்சாங்க ஓலையைத் திருப்பி அனுப்பிவிட்டன. சந்தையில் சிறுபுத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறார்கள். பாதிரியார் மகிழ்ச்சியாக இருக்கிறார். இரண்டாம் பதிப்புக்குக் காகிதம் அறுத்தோம்.

வைகாசி 29, வியாழன்

விடியுமுன் வாசல்காரன் எழுப்பினான். வாசல் படலையடியில் அத்தான் நின்றார்.

"அண்டைக்கு நீர் சொன்னது மறுமொழி இல்லை எண்டு உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். "உண்மையான மறுமொழி உம்மட்டை இருக்கோ? இருந்தால் காட்டும். இல்லாட்டில் நான் போறன்."

சாவி என்னிடம் இருந்தது. மேல்விறாந்தைக்குக் கூட்டிப்போனேன். கிழக்கே சுக்கிரன் விடிவெள்ளியாக ஏறியிருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்து, விலகி நின்றேன்.

நெடுநேரம் பார்த்தார். வானம் வெளுக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு தையிலிருந்து நான் போட்ட படங்களைத் தேதிவாரியாக விரித்தேன். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"சின்னனா, முழுசுக்குக் கிட்டவா இருந்தது... பெருத்துப் பெருத்துப் பிறையாப் போய்... இப்ப மற்றப் பக்கத்தாலை வந்திட்டுது. அப்ப சூரியனுக்கு அங்காலையும் போகுது, இஞ்சாலையும் வருகுது."

"ஓம் அத்தான்."

"சூரியனைத்தான் சுத்துது." முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தார். "சரி. பூமி?"

"அதுக்கு வேறை சாட்சி இருக்கு அத்தான். ஒவ்வொரு நட்சத்திரமும் வருஷத்துக்கு ஒருக்கா தன்ரை இடத்திலை ஒரு சின்ன வட்டம் போடுதாம், நாங்கள் ஓடுறபடியாலை. இந்தக் கண்ணாடியாலை காணேலாது. நான் காணேல்லை. புத்தகத்திலை வாசிச்சதுதான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கண்டதைக் கண்டதெண்டும் காணாததைக் காணேல்லை எண்டும் சொல்லுறீர். அண்டைக்கும் இப்பிடியே சொல்லியிருக்கலாம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீலப் புத்தகம், மாசி இருபது, அச்சுக்கூடம், எல்லாம்.

"பாதிரியார் எனக்கு ஆர்? வேறை தேசத்து மனுஷன், தன்ரை வேலையைச் செய்தார்" என்றார் கடைசியில். "கதிரையைக் கொண்டுவந்து போட்டது நீர்தானே, தம்பி."

படி இறங்கிப் போய்விட்டார். சால்வையை மறந்துவிட்டிருந்தார். பின்னாலேயே ஓடிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஆனி 4, புதன்

பாதிரியாரிடம் போனேன். இரண்டாம் பதிப்பில் சுக்கிரனின் படங்களைச் சேர்க்கவேண்டும், கிரகணம் சாட்சியல்ல என்று எழுதவேண்டும், அத்தான் முன்னமே நேரத்தைக் கேட்டனுப்பியிருந்தார் என்பதையும் எழுதவேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டார். அதற்கு இது காலமல்ல என்றார். எனக்குக் களைப்பு, சில நாள் ஓய்வெடுக்கலாம் என்றும் சொன்னார்.

சாவியை மேசையில் வைத்தேன். வானசாஸ்திர வகுப்பு வேண்டாம், சின்ன வகுப்புக் கணக்கே போதும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டார். அவரை என்னால் இப்போதும் வெறுக்க முடியவில்லை. இந்தப் பூமி ஓடுகிறது என்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான். அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

ஆடி 11, ஞாயிறு

வரும் வருஷத்துக் கிரகண நேரங்களை நத்தானியேல் புதிதாக வந்த அடுத்த வருஷத்து நீலப் புத்தகத்திலிருந்து பார்த்துச் சொல்ல, நாழிகையாக மாற்றி எழுதிக் கூவிலடிக்குக் கொண்டுபோனேன். அத்தான் படலையடிக்கு வந்து வாங்கினார். வாசித்தார். "பிரயோசனமானது" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அடுப்படியில் அக்கா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. நான் படலையில் நின்றது அவளுக்குத் தெரியும்.

ஆவணி 19, வியாழன்

காலை வகுப்புத் தொடங்குமுன் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது என் வேலை. சுப்பர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நத்தானியேல் எங்கை?"

"அச்சுக்கூடத்திலை. என்ன சுப்பர்?"

"பிள்ளை பிறந்திட்டுது. கணிதர் மணி கேட்டுவரச் சொன்னவர், சாதகம் குறிக்க. வழிநடையைக் கழிச்சுக்கொள்ளுவாராம்."

நான் மணிக்கூட்டின் பக்கம் திரும்பினேன். "இருங்கோ, நான் பாத்துச் சொல்லுறன். இப்ப..."

சுப்பர் நிலத்தைப் பார்த்தார். "இல்லைத் தம்பி. நத்தானியேலட்டைக் கேட்டுக்கொண்டு வாவெண்டுதான் சொன்னவர்."

நத்தானியேல் கையில் மையோடு வந்தான். என்னைப் பார்த்தான், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான். ஏழு மணி நாற்பத்திரண்டு என்றான். சுப்பர் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினார்.

"என்ன பிள்ளை?" என்று பின்னால் நின்று கத்தினேன்.

"பொம்பிளைப்பிள்ளை. ஒரு குறையுமில்லை."

ஏழு நாற்பத்திரண்டு என்பது சரியான நேரம்தான். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.